பழைய வண்டியின் கேள்வியும் புதிய வண்டியின் விடையும்

சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு, திண்டிவனம் கடந்து, ஏரிக்கரைகளை ஒட்டி வந்து விழுப்புரத்தில் இறங்குகிறீர்கள். இறங்கியதும் வீட்டுக்கு விரையாமல், ஒரு நிமிடம் அந்தப் பேருந்தைச் சுற்றி வந்து பாருங்கள். முன்கண்ணாடி முழுதும் பூச்சிகள் மோதி ஒட்டியிருக்கும். பின்கண்ணாடியிலோ ஒரு பூச்சிகூட இராது. விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி மட்டும் படிந்திருக்கும். முன்னால் பூச்சி, பின்னால் புழுதி! இது ஏன்?

விரைந்து வரும் பேருந்து தன் முன்னால் உள்ள காற்றைப் பிளந்துகொண்டு செல்கிறது. பிளவுபட்ட காற்று கூரையின் மேலும் பக்கங்களிலும் ஓடி, பின்புறச் சுவர் செங்குத்தாக முடிவதால் அங்கே திரும்ப மாட்டாமல் பிரிந்து போய்விடுகிறது. பேருந்தின் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் போன்ற பகுதி உண்டாகிறது. சக்கரங்கள் கிளப்பிய புழுதி அங்கே சுழன்று சுழன்று கண்ணாடியில் படிகிறது. வெளிக்காற்றோடு வரும் பூச்சியோ அந்த இடத்தை எட்டுவதே இல்லை.

இந்தச் சிறு உண்மை, உலகப் புகழ் பெற்ற ஒரு பந்தய வண்டியின் தலைவிதியையே மாற்றியது என்றால் நண்பர்கள் வியப்படையக்கூடும். அந்தக் கதையில் தொடங்கி, பழைய பந்தய வண்டி ஒன்றை முன்னிறுத்தி நாளைய பந்தய வண்டியை எவ்வாறு வடிவமைப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூச்சிகள் கற்பித்த பாடம்

1969ஆம் ஆண்டு ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 917 என்னும் வண்டியை வெளியிட்டது. சாலையில் ஓடும் கார் ஒன்றைத் திருத்திப் பந்தயத்துக்கு அனுப்புவது ஒரு முறை. பந்தயத்துக்கென்றே முதலிலிருந்து படைப்பது மற்றொரு முறை. 917 இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அக்காலப் பந்தய விதிப்படி இத்தகைய வண்டிகள் 25 கட்டப்பட்டிருக்க வேண்டும். 1969 ஏப்ரலில் 25 வண்டிகளையும் தொழிற்சாலை வாயிலில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். அம்முயற்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பெர்டினாண்ட் பீயெக். எஞ்சினை வடித்தவர் ஹன்ஸ் மெட்ஸ்கர்.

அந்த எஞ்சினுக்குப் பன்னிரண்டு சிலிண்டர்கள். பக்கத்துக்கு ஆறாகப் படுக்கை வாட்டில் அமைந்தவை. கொள்ளளவு நாலரை லிட்டர். தண்ணீர் கிடையாது, மேலே அமைந்த பெரிய விசிறியே எஞ்சினைக் குளிர்வித்தது. வண்டியின் சட்டம் அலுமினியக் குழாய்களால் ஆனது. அக்குழாய்களில் வாயுவை அழுத்தி நிரப்பி, ஓட்டுநர் பார்க்கும்படி ஓர் அழுத்தமானியையும் வைத்தார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் கண்டிருக்கிறது என்று பொருள். கியர் மாற்றும் தடியின் குமிழைக்கூட எடை குறைவதற்காகப் பால்சா மரத்தில் செய்தார்கள் என்றால், அவர்களது கஞ்சத்தனத்தை என்னென்பது!

இவ்வளவு இருந்தும் வண்டி ஓட்டுநருக்கு அடங்கவில்லை. நேர்சாலையில் வேகம் கூடக் கூட அதன் பின்பகுதி தரையை விட்டு மேலெழப் பார்த்தது. தேர்ந்த ஓட்டுநர்களே அதில் ஏற அஞ்சினார்கள். 1969 ஜூனில் பிரான்சின் லே மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தின் முதற்சுற்றிலேயே, 917ஐ ஓட்டிய ஜான் வுல்ப் என்னும் ஆங்கிலேயர் விபத்தில் உயிரிழந்தார். வடிவமைப்பில் நேரும் பிழைக்கு விலை கொடுப்பவர் வரைபடம் வரைந்தவர் அல்லர், இருக்கையில் அமர்ந்தவரே.

அவ்வாண்டு அக்டோபரில் ஆஸ்திரியாவின் பந்தயத்தடத்தில் சோதனை நடந்தது. பல மாற்றங்கள் செய்தும் பயனில்லை. அப்போது ஜான் ஹார்ஸ்மன் என்னும் பொறியாளர் நின்றிருந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். உடல் முழுதும் சிறு பூச்சிகள் அப்பிக்கிடந்தன. பின்னாலிருந்த காற்றுத் தடுப்புத் தகடுகளில் மட்டும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நம் பேருந்தின் பின்கண்ணாடி போலத்தான்! தகடுகள் இருக்கின்றன, ஆனால் காற்று அவற்றைத் தொடவே இல்லை. தொடாத காற்று எப்படி வண்டியைத் தரையோடு அழுத்தும்?

உடனே அலுமினியத் தகடுகளை வெட்டி, ஒட்டி, பின்பகுதியை மேல்நோக்கி உயர்த்தி, வாலைக் குறுக்கினார்கள். மறுபடி ஓட்டிப் பார்த்த ஓட்டுநர்கள் முகம் மலர்ந்தனர். அந்தக் குட்டை வால் வண்டிதான் 1970இல் ஹன்ஸ் ஹெர்மன், ரிச்சர்ட் அட்வுட் ஆகிய இருவர் கையில் லே மான் பந்தயத்தை வென்று, போர்ஷேக்கு அங்கே முதல் முழு வெற்றியைத் தேடித் தந்தது. 1971இல் மற்றொரு 917, 24 மணி நேரத்தில் 5,335 கிலோமீட்டர் ஓடியது. அந்தத் தூரத்தை 2010 வரை எவராலும் மிஞ்ச முடியவில்லை.

உருவமா, உட்பொருளா?

லே மான் பந்தயத்தின் உச்ச வகுப்புக்குத் திரும்பப் போர்ஷே முடிவு செய்திருந்த வேளையில், 2013இல் அதன் வடிவமைப்பாளர்கள் ஒரு கற்பனை வண்டியை முழு அளவு மாதிரியாகச் செய்தனர். 1970இல் வென்ற 917இன் சிவப்பு வெள்ளை நிறங்களையே அதற்கும் பூசினார்கள். பல ஆண்டுகள் மறைவாக இருந்த அம்மாதிரி, 917இன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2019இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. பார்ப்பவர் கண்ணைக் கவரும் வண்டி அது. ஆனால் பந்தயம் ஓடவில்லை.

உண்மையில் பந்தயம் ஓடி 2015, 2016, 2017 ஆகிய மூன்றாண்டுகளிலும் லே மானில் வென்ற வண்டி 919 ஹைபிரிட். அதற்கும் பழைய 917க்கும் முகச்சாயலே கிடையாது. பன்னிரண்டு சிலிண்டர் இருந்த இடத்தில் நான்கே சிலிண்டர். நாலரை லிட்டருக்குப் பதில் இரண்டு லிட்டர். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை மின்கலத்தில் சேமித்து, மறுபடி வண்டியை உந்தப் பயன்படுத்தினார்கள்.

முன்னது பாட்டனாரின் சட்டையை அணிந்த பேரன். பின்னது பாட்டனாரின் குணத்தைக் கொண்ட பேரன். கற்பனை வண்டி பழைய வண்டியின் தோற்றத்தை நினைவூட்டியது. 919ஓ, பழைய வண்டி எழுப்பிய கேள்வியை மறுபடி எழுப்பியது. “விதி அனுமதிக்கும் எல்லைக்குள், கையில் உள்ள பொருளைக் கொண்டு, எவ்வளவு சிக்கனமாக வேகத்தைப் பெறலாம்?” என்பதே அக்கேள்வி. கேள்வி பழையது, விடை காலத்துக்கு ஏற்றது. பழமையைப் போற்றும் முறை இதுவே என்பது என் துணிபு.

நம் மண்ணின் முன்மாதிரி

“இதெல்லாம் ஜெர்மனியின் கதை, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். அவருக்கு விடை சொல்லக் கோயம்புத்தூர் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் புதியதன்று. 1953இல் சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்திலே பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. அவற்றைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. 1990 முதல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தடம் இயங்கி வருகிறது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. தனி இருக்கைப் பந்தய வண்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது செல்வந்தர்க்கே இயலும். இக்குறையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன். தாமே பந்தய ஓட்டுநராகவும் விளங்கிய அவர், 1980களின் இறுதியில் ‘பார்முலா மாருதி’ என்னும் தனி இருக்கை வண்டியை உருவாக்கினார். 1983இல் சந்தைக்கு வந்த மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின்தான் அதன் இதயம். நாட்டின் எந்த ஊரிலும் உதிரிப் பாகம் கிடைக்கும். எந்தப் பட்டறைக்காரரும் அதைப் பிரித்துப் பூட்டுவார்.

மாருதி காரில் எஞ்சின் முன்னால் இருந்து முன்சக்கரங்களை இயக்கும். அந்த எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பார்முலா மாருதியில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே சென்று பின்சக்கரங்களை இயக்கின. பாகம் பழையது; இடம் புதியது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், வெற்றியைப் பணப்பையை விட ஓட்டுநர் திறனே தீர்மானித்தது. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெருமை பெற்ற நரேன் கார்த்திகேயன், தம் பந்தய வாழ்வைப் பார்முலா மாருதியில்தான் தொடங்கினார்.

கரிவரதன் 1995இல் விமான விபத்தொன்றில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800 காரின் உற்பத்தியும் 2014இல் முடிந்தது. ஆகவே பார்முலா மாருதியும் இன்று நமக்குப் பழைய முன்மாதிரியே. அது எழுப்பிய கேள்வி என்ன? “நம் தெருவில் ஓடும் எளிய வண்டியின் பாகங்களைக் கொண்டு ஒரு பந்தய வண்டியைச் செய்ய இயலுமா?” என்பதுதான். 917இன் கேள்வியை விட இது நமக்கு நெருக்கமானது.

தாளில் ஓடும் வண்டி

அக்கேள்வியை இன்று எழுப்பிப் பார்ப்போம். இன்று நம் தெருவில் ஓடுவது எது? மின் ஸ்கூட்டர். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அவை உற்பத்தியாகின்றன. விழுப்புரம் கடைவீதியிலும் ஓடுகின்றன. ஒரு நல்ல மின் ஸ்கூட்டரின் மோட்டார் உச்ச நிலையில் ஏறத்தாழ 6 கிலோவாட் திறன் தரும். மின்கலம் 3 முதல் 4 கிலோவாட் மணி ஆற்றலைத் தாங்கும். அத்தகைய மோட்டார்கள் இரண்டும் மின்கலங்கள் இரண்டும் எடுத்துக்கொள்வோம். மொத்தத் திறன் 12 கிலோவாட், அதாவது சுமார் 16 குதிரைத்திறன். ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடை 350 கிலோ என்று வைப்போம். இந்த வண்டி எவ்வளவு வேகம் போகும்?

இதற்கு வேண்டியது பட்டப்படிப்பு இயற்பியல்கூட அன்று. மேல்நிலைப் பள்ளிக் கணக்கே போதும். வண்டியைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, சக்கரம் உருள்வதில் ஏற்படும் தடை. இது எடையைப் பொறுத்தது, வேகத்தால் பெரிதும் மாறாது. உருளல் தடை எண்ணை 0.015 எனக் கொண்டால் 350 கிலோவுக்கு இது சுமார் 51 நியூட்டன். மற்றொன்று, காற்றின் தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும்.

முன்புறப் பரப்பு 1.1 சதுர மீட்டர், வடிவத் தடை எண் 0.35 எனக் கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்றை வெல்ல ஏறத்தாழ 1.1 கிலோவாட் போதும். வேகத்தை இரட்டித்து 120 ஆக்கினால் காற்றுக்கு மட்டும் சுமார் 8.6 கிலோவாட் வேண்டும். அதாவது எட்டு மடங்கு! உருளல் தடையையும் சேர்த்தால் 10.3 கிலோவாட். நம்மிடம் இருப்பது 12. எனவே இரண்டு ஸ்கூட்டர்களின் இதயத்தோடு 120 கி.மீ. வேகத்தை எட்டலாம் எனத் தாள் சொல்கிறது.

தாள் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மோட்டார் உச்சத் திறனைச் சிறிது நேரமே தரும். தொடர்ந்து தந்தால் சூடேறிக் கெடும். தொடர்ந்து கிடைப்பது பாதி என்றால், 6 கிலோவாட்டில் வேகம் நூறுக்குச் சற்றுக் கீழே நிற்கும். நின்ற நிலையிலிருந்து நூறை எட்டவும் கால் நிமிடம் ஆகலாம். 500 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட 917 இதைப் பார்த்து நகைக்கும். நகைக்கட்டுமே! முதல் கணக்கு நமக்கு வழி காட்டினால் போதும். மோட்டாருக்குக் காற்று செல்லும் வழியை முதலிலேயே வரைய வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும் என்னும் இரண்டு பாடங்களைக் கணக்கே தந்துவிட்டது. எஞ்சினின் தலைமேல் விசிறியை வைத்தவர்களும், கியர்த்தடியின் குமிழில் எடையைக் குறைத்தவர்களும் கண்ட பாடங்கள் இவையே.

ஆற்றலின் நிலை என்ன? 20 நிமிடப் பந்தயம் முழுதும் 12 கிலோவாட் செலவானாலும் மொத்தம் 4 கிலோவாட் மணிதான். இரண்டு மின்கலங்களில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அவற்றின் எடை 50 கிலோவை நெருங்கும். அதே வேலைக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் போதும்; எடை ஒன்றரைக் கிலோ. மின் வண்டியைப் புகழ்வோர் இந்த வேற்றுமையை மறைக்கலாகாது. அதே வேளையில், அந்த 50 கிலோவைத் தரையோடு தரையாகப் பரப்பி வைக்கலாம். ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் வண்டி நிலை குலையாது. 917இன் எஞ்சினைப் படுக்க வைத்ததால் கிடைத்த நன்மை, மின்கலத்தால் நமக்கும் கிடைக்கிறது.

கொள்வதும் தள்ளுவதும்

முன்னோரிடமிருந்து எல்லாவற்றையும் கொள்ள வேண்டியதில்லை. 917இல் ஓட்டுநரின் பாதங்கள் முன்சக்கர அச்சுக்கும் முன்னே நீண்டிருந்தன. மோதல் நேர்ந்தால் முதலில் நசுங்குவது கால்களே. நம் வண்டியில் பாதங்கள் அச்சுக்குப் பின்னே இருக்க வேண்டும். தலைக்கு மேல் எஃகு வளையம் வேண்டும். மின்கலத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையே தீத்தடுப்புச் சுவர் வேண்டும். வெளியில் நிற்பவரும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி ஒரு பொத்தான் வேண்டும். இவற்றால் எடை கூடும். கூடட்டும், கியர்த்தடியில் செய்யும் சிக்கனத்தை உயிரில் செய்தல் ஆகாது.

வாலை வரையும்போது பூச்சிகளை மறவாதிருப்போம். காற்றுத் தடையைக் குறைக்க வேண்டுமென்று வாலை நீட்டி வழித்து, பின்பகுதி மேலெழுவதைக் கவனிக்கத் தவறியதே முதல் 917இன் குறை. நம் வண்டிக்கு வால் குட்டையாக, நுனியில் சிறிதே உயர்ந்து இருக்கட்டும்.

அது சரியா என்று அறியக் காற்றுச் சுரங்கம் வேண்டுமா? முதற்படிக்கு வேண்டாம். அட்டையில் ஒரு மாதிரி செய்து, அதன் மேல் இரண்டு அங்குல நூல்துண்டுகளை வரிசையாக ஒட்டி, மேசை விசிறிக்கு முன் வையுங்கள். காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் படிந்து நிற்கும். பிரியும் இடத்தில் துடித்துச் சுழலும். மாதிரியை ஒரு தராசின் மேல் நிறுத்தினால், அது மேலெழ முயல்கிறதா, கீழழுந்துகிறதா என்பதும் தெரியும். விசிறிக் காற்று சீரானதன்று. சிறு மாதிரியில் கண்ட அளவைப் பெரிய வண்டிக்கு அப்படியே பெருக்கவும் கூடாது. ஆனால் இரண்டு வால்களுள் எது மேல் என்று ஒப்பிட இது உதவும். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இல்லாத பொருள் எதையும் நான் சொல்லவில்லை.

கலைக் கல்லூரிக்கும் இடமுண்டு

இறுதியாக, நாம் அடிக்கடி கேட்கும் ஒரு சொல்: “இதெல்லாம் பொறியியல் கல்லூரிக்காரர்கள் வேலை, கலைக் கல்லூரி மாணவனுக்கு எதற்கு?” வண்டியைப் பற்றவைத்து முடுக்குவது பொறியாளர் வேலையாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் கணக்கிட வேண்டும். அது கணித மாணவர் பணி. காற்றை அறிய வேண்டும். அது இயற்பியல் மாணவர் பணி. மின்கலத்தின் உள்ளே நடப்பது வேதியியல். செலவைக் கட்டுக்குள் வைப்பது வணிகவியல். முன்னோர் என்ன செய்தனர், எங்கே தவறினர் என்று சொல்வது வரலாறு. கோவையில் கரிவரதன் பெயர் தாங்கிய தடத்திலே மாணவர்கள் தாமே கட்டிய தனி இருக்கை வண்டிகளுக்கான போட்டி நடந்து வருகிறது. அங்கே ஓட்டத்துக்கு மட்டுமன்றி, வடிவமைப்பை விளக்குவதற்கும் செலவுக் கணக்குக்கும் மதிப்பெண் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில், இரவு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் பந்தயம் விடும் இளைஞர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சிலர் வீடு திரும்பாததையும் அறிவோம். வேகத்தின் மேல் உள்ள ஆசை தவறன்று. அதைச் செலுத்தும் இடமே தவறு. சாலை எல்லாருக்கும் உரியது. பந்தயத்துக்குத் தடம் இருக்கிறது. தடத்துக்குப் போகும் முன் தாள் இருக்கிறது. வேகத்தின் மும்மடியைக் கணக்கிட்டுப் பார்த்தவன், கைப்பிடியை முறுக்குமுன் ஒரு கணம் நினைப்பான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை இரவுப் பேருந்தை விட்டு இறங்கும்போது அதன் முன்னும் பின்னும் ஒரு முறை சுற்றி வாருங்கள். பூச்சியும் புழுதியும் எழுதி வைத்திருக்கும் பாடம் அங்கே இருக்கிறது. பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் படித்ததும் அந்தப் பாடத்தைத்தான். அதைப் படிக்கக் கட்டணம் இல்லை. கண் இருந்தால் போதும்.